ஒரு வீடு விடாமல்

முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன, வானமா இடிந்து விழும்?

ஆனால் தம்பி மேடையிலிருந்து போன் செய்திருந்தான். இளம் தொழில்முனைவோர் மாநாட்டின் கடைசி நிகழ்ச்சி அது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போன் செய்து, ஊரறிய ஒலிபெருக்கியில் சம்மதம் வாங்க வேண்டும். முதல் ஆள் அவன்தான்.

"அக்கா, உன் தையல் கடையை நான் கம்பெனி ஆக்கப்போறேன். சரின்னு சொல்லு."

அவள் கையில் யாருடைய பேன்ட்டோ, வாயில் குண்டூசி. அந்தப் பக்கம் ஒரு மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஊசியை எடுத்தாள்.

"சரி."

"இன்னும் கொஞ்சம் சத்தமாம்மா!" என்றது வேறொரு குரல்.

"சரி!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

"எனக்கப்புறம் எல்லாரும் பேசினாங்க அக்கா" என்றான் தம்பி, வீட்டுக்கு வந்ததும். "எல்லார் வீட்டிலேயும் சரின்னுட்டாங்க. ஒரு வீடு விடாம!"

அதுதான் அவளை உறுத்தியது. மற்ற வீட்டு அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் அவ்வளவு பெரிய மனசு. தனக்கு மட்டும் ஏன் அடிவயிற்றில் ஒரு கல்? இந்த முன்னறை, இந்த மெஷின், யாரும் வந்து ஏன் என்று கேட்காத ஒரே இடம். இதைக் கொடுக்க மனம் வராததற்குக் கஞ்சத்தனம் என்று பெயர் வைத்து மூடினாள்.

முதலில் பலகை போனது. 'துணிகள் அளவு திருத்தித் தரப்படும்' என்றிருந்த இடத்தில் 'அளவு என்பது ஓர் உணர்வு' ஏறியது. மறுநாள் வந்த ஒரே ஆள், உடம்பு இளைக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டார்.

"ஜனங்களுக்குப் புரியலைக்கா. புரியவைப்போம்."

நண்பன் ஒருவனை வாசலில் நிறுத்தினான். அவன் வாய்ச்சொல் வீரன். பேன்ட் நீளத்தைக் குறைக்க வந்தவர், கோழிப்பண்ணை வைக்கும் முடிவோடு திரும்பிப் போனார். பேன்ட் மட்டும் குறையவே இல்லை.

பேச்சு நீள நீள வாசலில் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைச் சமாளிக்கத் தம்பி துணிக்குத் துணி டோக்கன் குத்தினான். டோக்கன் இடம் மாறியது. வக்கீலின் கறுப்புக் கோட்டை அவள் ஒரு குழந்தையின் அளவுக்கு வெகு நேர்த்தியாகச் சுருக்கிவைத்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது?" என்றார் வக்கீல்.

"சார், குழந்தைகளுக்குக் கோட்டு! இது புது மார்க்கெட்" என்றான் தம்பி.

போதும்டா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. 'ஒரு வீடு விடாம' குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. கறுப்புத் துணி வாங்கக் கிளம்பினாள்.

கொஞ்ச நாளில் தம்பியே தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, இது என் பாதை இல்லை. அடுத்த மாநாட்டுல பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருக்காங்க."

"என்ன பயிற்சிடா?"

"தொடங்கினதைக் கைவிடாம இருக்கறது எப்படின்னு."

போனவன் பலகையைக் கழற்றவில்லை. அது தொங்குவதைக் கேள்விப்பட்டு, மாநாட்டு அமைப்பாளர் அம்மாள் ஒலிபெருக்கிக்காரரையும் ஒரு கேமராவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"எங்க மாநாட்டுல ஆரம்பிச்சு இன்னிக்கும் நிக்கற ஒரே கம்பெனி உங்களுதுதான்!"

"இது அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கே."

"அதை விடுங்க. மேடைக்கு வந்து, அன்னிக்கு மாதிரி ஒரு 'சரி' சொன்னாப் போதும். வீட்டுல இருக்கறவங்களுக்குத் தைரியம் வரும்."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். உள்ளே தொட்டுப் பார்த்தாள். கல் அங்கேயேதான் இருந்தது. இந்த முறை அதற்குப் பெயர் எதுவும் வைக்கத் தோன்றவில்லை.

"முடியாதும்மா" என்றாள். குரல் உயரவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. நான் மனசாரச் சொல்லலை. மத்த வீடுகள்ல கேளுங்க. அவங்க மனசாரச் சொன்னவங்க."

அமைப்பாளரின் முகம் தொங்கிப்போனது. ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே சமாதானம் சொன்னார்:

"விடுங்க மேடம். இவங்களோட பழைய 'சரி' நம்மகிட்ட பதிவா இருக்கு. அன்னிக்கு மத்தவங்க எல்லாம் முடியாதுன்னு சொல்லச் சொல்ல, ஒரு வீடு விடாம அதைத்தானே போட்டோம்!"