கம்ப்யூட்டரை சேலம் பஸ் ஏற்றிய கஞ்சி பாய்

தர்மபுரி மாவட்டத்திலேயே கம்ப்யூட்டரைத் துளியும் நம்பாத ஒரே கம்ப்யூட்டர்காரர் எங்கள் கஞ்சி பாய்தான். எண்பதுகளின் கடைசி அது. மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடை மாடியில் அவருடைய டைப்பிங் சென்டர். எதை டைப் பண்ணினாலும் இரண்டு ப்ளாப்பி தருவார். ஒன்றில் தலைப்பு, அடிக்கோடு, கட்டம் எல்லாம் போட்ட ஃபைல். இன்னொன்றில் எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்து. அதற்கு அவர் வைத்த பெயர் கஞ்சி. எந்தக் கம்ப்யூட்டர் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளுமாம். ஒரு பக்க விண்ணப்பம் அடிக்க வந்தவனுக்கும் கஞ்சி கொடுத்தனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா? பெயர் நிலைத்துவிட்டது.

நான் அப்போது எம்.ஃபில். மாணவி. ஏரியூர்ப் பக்கத்து ராகி விவசாயம் பற்றிய ஆய்வேட்டை அவரிடம்தான் கொடுத்திருந்தேன். அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: இந்த வருஷம் முடித்தால் காலேஜ் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் பாப்பாரப்பட்டி மாப்பிள்ளை. மாப்பிள்ளை நல்லவர்தான், பாவம். எனக்குத்தான் வேலைக்குப் போகிற ஆசை.

கடைசி வாரத்தில் சேலத்தில் இருந்த என் கைடு மேடம் ப்ளாப்பியை வாங்கி, தன் காலேஜ் கம்ப்யூட்டரிலேயே பக்கத்துக்குப் பக்கம் திருத்திக் கொடுத்தார். அங்கே இருந்தது அதே சாஃப்ட்வேரின் புது வெர்ஷன். சந்தோஷமாகக் கொண்டுவந்து பாயிடம் நீட்டினேன். அவருடைய பழைய வெர்ஷனில் திறந்தால் திரை முழுக்கச் சிரிக்கிற முகமும் கோடும் கட்டமும். என் ராகியைக் காணோம்.

நான் அழ ஆரம்பித்தேன். பாய் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு நிதானமாக விளக்கினார்.

"எம் பேச்சு எம் மவனுக்குப் புரியும் தங்கச்சி. அவன் பேசறதுதான் எனக்குப் புரியறதில்ல. இதுவும் அப்படித்தாங்க. புதுசு பழசப் படிச்சிரும். பழசுக்குப் புதுசு வெளங்காது."

சேலத்துக்குப் போன் போட்டோம். அங்கேயே பிரின்ட் எடுக்கலாமென்றால், பிரின்டர் ஆபீஸ் வேலைக்கு மட்டுமாம். பழைய வெர்ஷனுக்குத் தோதாக சேவ் பண்ணித் தருவதாக மேடம் சொன்னார். பாய் நம்பினால்தானே! அங்கே சேவ் பண்ணுவாங்க, இங்கே வந்தா மறுபடியும் சிரிக்கும், நீங்க மறுபடியும் ஓடுவீங்க என்றார். அன்று வெள்ளி. திங்கட்கிழமை கடைசி நாள்.

மனுஷன் எழுந்து ஒயரையெல்லாம் பிடுங்கினார். மானிட்டரை விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் ஜமுக்காளத்தில் சுற்றிச் சேலம் பஸ் ஏறிவிட்டார். பின்னாலேயே நான். ஜன்னலோரத்தில் பெட்டியை உட்காரவைத்து அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார். இது என்னய்யா என்று முறைத்தார் கண்டக்டர்.

"படிக்கத் தெரியாத புள்ளைங்க. சேலத்துல காட்டிட்டு வரலாம்னு கூட்டிட்டுப் போறேன்."

தொப்பூர் வளைவுகளில் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு சீட் இல்லை. சேலம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடத்தின் மேஜையில் புதுசுக்குப் பக்கத்தில் பழசை வைத்து, ஒரே மானிட்டரை மாற்றி மாற்றிச் சொருகினார். மேடம் பழைய வெர்ஷனுக்கென்று சேவ் பண்ணியதைத் திறந்தால், பாய் சொன்னபடியே முகங்கள் சிரித்தன. மேடம் சிரிக்கவில்லை. கஞ்சியா ஊத்திருங்கம்மா என்றார் பாய். அலங்காரமில்லாமல் வெறும் எழுத்தாக சேவ் பண்ணச் சொல்கிறார் என்று நான்தான் மேடத்துக்கு விளக்கினேன்.

திறந்தது! ராகி, ஏரியூர், மேடம் திருத்திய வரிகள், எல்லாம் முழுசாக இருந்தன. ஆனால் அடிக்கோடு இல்லை, தலைப்பில் தடித்த எழுத்து இல்லை, அட்டவணையெல்லாம் சரிந்து கிடந்தது. எனக்கு மறுபடியும் அழுகை முட்டியது.

"சத்து அப்படியே இருக்குது தங்கச்சி. உப்புதான் இல்ல. அத நான் போட்டுக்கறேன்."

ஊர் திரும்பி, சனியும் ஞாயிறும் பாய் வேறு வேலையே எடுக்கவில்லை. திருத்தத்துக்கு முன்னால் எடுத்த பிரின்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு கட்டமாகத் திரும்பப் போட்டார். திங்கட்கிழமை ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். பிற்பாடு எனக்கு வேலை கிடைத்தது, பாப்பாரப்பட்டி மாப்பிள்ளைக்கும் நல்ல பெண் கிடைத்தாள்.

ஒப்படைத்துவிட்டு வந்த பிறகுதான் என் பிரதியில் நன்றியுரையைப் படித்தேன். மேடம் இருந்தார், அப்பா இருந்தார், தகவல் தந்த விவசாயிகள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கைப்பட எழுதிக் கொடுத்த கடைசி வரி, பாயைப் பற்றியது, அது மட்டும் இல்லை. விடுவேனா? நேரே சண்டைக்குப் போனேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கன்வெர்ஷன்ல போயிருக்கும்ங்க."

ஃபைலைக் கஞ்சியாக மாற்றிய அந்தக் கன்வெர்ஷன் நடந்தது வெள்ளிக்கிழமை. ஒரு கமாவைக்கூடத் தொலைக்காத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை கொடுத்த என் நன்றியைத் தொலைத்துவிட்டாராம்.

இந்தப் பக்கத்தை டைப் பண்ணுவது நான்தான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்: நான் ஆசைப்பட்ட வாழ்க்கை எனக்குக் கிடைத்தது கஞ்சி பாயால்தான்.