கேக் 9: எட்டைப் போலவே

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் நோட்டில் எழுதிவைப்பேன். குடி, சிகரெட் என்றால் வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கலாம். இதை மறைக்க முடியாது; கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். பல் தேய்ப்பதை மட்டும் எழுதுவதில்லை (ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்).

இது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் தொற்றிக்கொண்டது. எட்டு சர்வர்களில் ஆறாவதை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். நான் கீழிருந்து எண்ணிவிட்டேன். எங்கோ ஒரு நாட்டுக் கடைகளில் பில் போடும் மிஷின்கள் அரை மணி நேரம் ஓய்வெடுத்தன. திட்டுவார் என்று காத்திருந்தேன். எங்கள் டீம் லீட் திட்டவில்லை. இரண்டே விதி சொன்னார். ஒன்று, செய்வதையெல்லாம் எழுதி வை. இரண்டு, ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதாதே, போன தடவையிலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் எழுது.

எங்கள் வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்தவர்கள் எதைச் சொன்னாலும் அப்படியே பிடித்துக்கொள்வேன். அலுவலகத்தோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் அப்போது இரண்டு பெரிய திட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. முதலாவது கேக். ஆபீஸ் ஆயுத பூஜை குலுக்கலில் எனக்கு ஒரு ஓவன் விழுந்திருந்தது (பக்கத்து சீட்டுக்காரருக்கு மிக்சி விழுந்தது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்). இரண்டாவது சுவர். கள்ளிக்குப்பத்தில் ஏரிப் பக்கமாக எங்கள் வீடு. மழை முடிந்து மூன்று மாதம் ஆனாலும் ஹாலின் கிழக்குச் சுவர் மட்டும் மழைக்காலத்திலேயே இருக்கும். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. நான் இன்ஜினீயர் அல்லவா, விடுவேனா?

ஆபீஸ், கேக், சுவர் மூன்றுக்கும் ஒரே நோட்டு. அதன் முதல் பக்கம் இப்போது எனக்கு வரிவரியாக மனப்பாடம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

*ஆபீஸ்: மெதுவாக இருப்பதாகப் புகார். லீட் கேட்டால் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லவும். (பார்க்கவில்லை.)*

*கேக் 1: மைதா இரண்டு கப், சர்க்கரை ஒன்றரை, வெண்ணெய் ஒரு கப், முட்டை மூன்று, சோடா மாவு அரை ஸ்பூன், முப்பத்தைந்து நிமிடம்.*

*சுவர், முயற்சி 3: ஈரம் போகவில்லை. பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்புகிறது. பெரிய காலண்டர் மாட்டவும். மீதியைப் பற்றி யாராவது கேட்டால் டெக்ஸ்சர் பெயிண்ட் என்று சொல்லவும்.*

அதற்குப் பிறகு லீட் சொன்னபடி மாறியதை மட்டும் எழுதினேன். கேக் 2: ஒன்றைப் போலவே, சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைவு. கேக் 3: இரண்டைப் போலவே, ஐந்து நிமிடம் கூடுதல். இப்படியே ஒன்பது வரை. ஒன்பதாவது கேக் பிரமாதமாக வந்தது. அதற்குள் முதல் நோட்டு முடிந்து இரண்டாவதுக்கு வந்திருந்தேன். இரண்டாவது நோட்டில் அதன் செய்முறை இவ்வளவுதான்: ‘எட்டைப் போலவே. வெனிலா இரண்டு சொட்டு.’

“இன்னாடா, எப்பப் பாரு எய்திகினே கீறே? மூளைல எடம் ரொம்பிப் போச்சா?” என்பார் அப்பா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லோடு இறக்குபவர். எந்த லாரியில் எத்தனை மூட்டை என்று பத்து வருடத்துக்கு முந்திய கணக்கைக்கூட மனதிலிருந்து சொல்வார். நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை ரேவதிக்கு முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சதீஷ். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடி ஃபேக்டரியில் சேர்ந்தவர். இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் ஒரு முறை திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்கள் கொண்டுபோன பழத்தட்டையே அப்படிப் பார்த்தார். (அன்று என் நோட்டில் எழுதியது: ‘நல்ல குடும்பம். ஹாலில் ஒரு பீரோ பாதி ஜன்னலை மறைத்து நிற்கிறது. காரணம் தெரியவில்லை.’)

ரேவதிக்கு சதீஷைப் பிடித்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க என்னோடு சண்டை போடவில்லை, அதிலிருந்தே தெரிந்தது. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, வீடு வாசல் பார்த்து, எல்லாம் திருப்தி என்றால் அன்றே தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. முதல் நாள் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நாளைக்கி ஒரு நாள் மட்டும் நீ எதையும் ரிப்பேர் பண்ணாத. எதையும் செஞ்சும் பாக்காத. சும்மா உக்காந்துகினு இரு, போதும்.”

“கேக் மட்டும்” என்றேன். “ஒன்பதாம் நம்பர்.”

அது அவளுக்கும் பிடித்த கேக். யோசித்தாள். “அது மட்டும்தான்” என்றாள். அந்த ஒரு நிமிட இளகிய மனதுக்காக அவள் இன்றுவரை வருந்துகிறாள்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். ஒன்பதைப் பார்த்தேன், எட்டைப் போலவே என்றது. எட்டைப் பார்த்தேன், ஏழைப் போலவே என்றது. தாலுகா ஆபீஸில் அடுத்த கவுண்டர், அடுத்த கவுண்டர் என்று அனுப்புவது போல என் கையெழுத்தே என்னை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது நோட்டு தீர்ந்தது. முதல் நோட்டை எடுக்கப் போனேன். ஈரச் சுவரோரம் இருந்தால் நனைந்துவிடும் என்று போன வாரம்தான் அதைப் பத்திரமாகச் சமையலறை ஷெல்ஃபுக்கு மாற்றியிருந்தேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். வடை மடிக்கப் பழைய பேப்பரும் முடிந்துபோன நோட்டுகளும் வேண்டும். அவற்றை அவர் அடுக்கிவைக்கும் இடம் அந்தச் சமையலறை ஷெல்ஃப். ஒரு படித்த மனிதன் தன் வாழ்நாள் குறிப்புகளைப் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த இடம் அது.

நோட்டு இருந்தது, மெலிந்து போய். முன்பக்கம் இருபது இருபத்தைந்து தாள்களைக் காணோம். என் ஆராய்ச்சிகள் ஒரு வாரமாக மெதுவடையோடு அம்பத்தூர் முழுக்க விநியோகமாகியிருந்தன. அம்மாவைக் கேட்டேன்.

“அது முழுக்க கிறுக்கி கீதே நைனா, வெள்ளத் தாளா இருந்தா தொட்டிருப்பேனா?” என்றார். நியாயமான பதில்.

எத்தனை தடவை செய்த கேக், அளவு ஞாபகம் இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எழுதிவைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் ஒரு தடவைகூட நான் அதை மனதில் வைக்கவில்லை. யூடியூபில் பார்க்கலாமே? பார்த்தேன். ஆறு வீடியோ, ஆறு அளவு. எதை நம்புவது? நான் அறிவியல் மனப்பான்மை உள்ளவன். ஆறையும் கூட்டி சராசரி எடுத்தேன். அதில் ஒன்று பேக்கரிக்காரருக்கான வீடியோ, கல்யாணத்துக்குச் செய்யும் அளவு என்பது பிறகுதான் தெரிந்தது. மைதாவும் சர்க்கரையும் டப்பாவில் இருந்த அளவோடு நின்றுவிட்டன. சோடா மாவு மட்டும் நிறைய இருந்தது. சராசரி சொன்ன சோடா மாவை ஒரு குறையும் வைக்காமல் போட்டேன்.

நான் கலக்கிக்கொண்டிருந்தபோது அம்மா உதவிக்கு வந்தார். தட்டில் போடும் பட்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றேன். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். திரும்பிப் பார்ப்பதற்குள் மாவை ஊற்றி ஓவனுக்குள்ளும் வைத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கேக் முதலில் வேகமாக எழுந்து கண்ணாடி வழியாக எங்களை எட்டிப் பார்த்தது. பிறகு மனம் மாறி நடுவில் உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தில் கிரீமை நிரப்பிச் சமப்படுத்தினேன் (சுவருக்குப் பட்டி பூசிய அனுபவம் இங்கே கைகொடுத்தது). மேலே செர்ரிகளை நட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் கேக்தான்.

மாலையில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்து கிழக்குச் சுவரின் முன் நின்றார். காலண்டருக்கு வெளியே ஒரு முழம் கொப்பளம் தெரிந்தது. அப்பா தரையைப் பார்த்தார். அம்மா சாமி படத்தைப் பார்த்தார்.

“இது என்ன தம்பி, இப்படி இருக்கு?”

“டெக்ஸ்சர் பெயிண்ட் அங்கிள்” என்றேன். “இப்ப எல்லா ஃபிளாட்லயும் இதுதான்.”

அவர் ஒரு விரலால் தடவினார். தலையாட்டினார். எதற்காகத் தலையாட்டினார் என்று தெரியாமலே எல்லோரும் உட்கார்ந்தோம்.

முதல் துண்டை அம்மா அவருக்கு வெட்டினார். துண்டு வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. அடியில் வால் போல ஏதோ தொங்கியது. அவர் வழக்கப்படி துண்டைத் திருப்பினார். வாலைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கேக்கின் அடியிலிருந்து ஒரு முழுத் தாள் உருவிக்கொண்டு வந்தது. வெண்ணெயில் ஊறி, பொன்னிறமாக வெந்திருந்தது. பால் பாயிண்ட் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கேக் ஒண்ணு” என்று வாசித்தார். “மைதா ரெண்டு கப்பு. சோடா மாவு அரை ஸ்பூன்...”

வடைக்குப் போகாமல் மிஞ்சிய முதல் தாளைத்தான் அம்மா பட்டர் பேப்பராகப் போட்டிருந்தார். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்திலும் என் மனம் ‘அளவு கிடைத்துவிட்டது’ என்று துள்ளியது. நான் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்ததை ரேவதி கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாளாம்.

அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஃபேக்டரியில் எந்தக் கிறுக்கல் கையெழுத்தையும் நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியவர் போலிருக்கிறது. “சுவர், முயற்சி மூணு. ஈரம் போகவில்லை” என்று தொடங்கி, காலண்டரைக் கடந்து, டெக்ஸ்சர் பெயிண்டில் வந்து முடித்தார்.

பூவும் பழமும் வைத்த தட்டு இன்னும் மாற்றாமல் மேஜையிலேயே இருந்தது. ரேவதியின் வளையல் சத்தம் கதவுக்குப் பின்னால் ஒரு முறை கேட்டு நின்றது. சர்வரில் என்றால் செய்ததைத் திரும்பப் பழையபடி ஆக்க ரோல்பேக் உண்டு, இதற்கு என் ஆயுளில் கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்து போய்க் காலண்டரைக் கழற்றினார். பின்னால் இந்திய வரைபடம் அளவுக்கு ஒரு ஈரம், கீழே இலங்கையும் தனியாக இருந்தது.

“பொய் எங்க அப்பாம்மா சொல்லல அங்கிள், நான்தான்” என்றேன். “சுவத்துக்காக ரேவதிய வேணாம்னு சொல்லிடாதீங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்து என் அம்மா தண்ணீர் எடுக்க ஓடினார்.

“நம்ம வீட்டு பீரோ எதுக்கு ஜன்னலை மறைச்சு நிக்குன்னு நீங்களே சொல்லுதேளா, இல்ல நான் சொல்லட்டுமா?” என்றார் அவர் கணவரிடம்.

சதீஷ் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்ஷன் அதிகாரியின் முகம் மெதுவாக எங்கள் சுவரைப் போலவே ஆனது.

அந்த அம்மாளே சொன்னார். நாங்கள் அவர்கள் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், அப்பாவும் பிள்ளையும் படுக்கையறை பீரோவை முக்கி முனகி ஹாலுக்குத் தள்ளி ஈரத்தை மறைத்தார்களாம். அதில் இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். கைகளைப் பின்னால் கட்டி நடப்பது தோரணை இல்லையாம், இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாராம்.

முதலில் சிரித்தது கதவுக்குப் பின்னாலிருந்து ரேவதிதான். அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று எழுதிவைக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் என் அப்பா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“பத்துப் பொருத்தம் ஐயரு பாத்தாரு. ஈரப் பொருத்தமும் சரியா கீது. தட்ட மாத்திக்கலாமா சம்பந்தி?”

மாற்றிக்கொண்டார்கள். கேக்கை யாரும் சாப்பிடவில்லை; சதீஷ் மட்டும் ரேவதிக்காக ஒரு துண்டு முழுக்கத் தின்றார். சோப்புப் போல இருந்தது என்பதைக் கல்யாணம் முடிந்த பிறகுதான் சொன்னார்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது ஒவ்வொரு கேக்குக்கும் முழு அளவையும் எழுதுகிறேன். ஆனால் அசல் தாள் என்னிடம் இல்லை. ரேவதி அதை லேமினேட் செய்து கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இரண்டு வீட்டிலும் யார் எதை மழுப்பினாலும் அதற்கு டெக்ஸ்சர் பெயிண்ட் என்றுதான் பெயர். ‘ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு’ என்று சதீஷ் வந்து நின்றால், ‘டெக்ஸ்சரா?’ என்று கேட்பது அவருடைய நான்கு வயது மகள்.

போன வாரம் அந்தக் குழந்தையின் பிறந்தநாள். கேக் 31, நான் செய்ததுதான். மெழுகுவர்த்தி அணைத்து, கைதட்டி, முதல் துண்டை சதீஷின் அப்பாவிடம் (இப்போது எனக்கு மாமா) கொடுத்தேன். அவர் துண்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். மீதிக் கேக்கையும் தட்டோடு தூக்கிக் கீழே குனிந்து பார்த்தார். கூட்டம் காத்திருந்தது. என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கேட்க வேண்டும்.

“எழுத்து ஒண்ணும் இல்ல” என்றார் என்னிடம், கவலையோடு. “அப்ப சுவரு எந்த நிலைமையில இருக்குன்னு நான் எப்படி தம்பி தெரிஞ்சுக்கிடுதது?”

முயற்சி 11 மாமா. இன்னும் காயவில்லை.