கரடிக்கு ஏழு தட்டு

திண்டுக்கல்,
திங்கட்கிழமை, அசர் தொழுகைக்குப் பின்.

அன்புத் தங்கை நர்கீசுக்கு அண்ணன் முகமது பாரூக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் மதினி, மகன் ரஃபீக், கடை, அடுப்பு எல்லாம் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். என் தொண்டை மட்டும் சுகமில்லை. சித்தையன்கோட்டையில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமாக உட்கார்ந்துகொண்டுதான் இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டியிருக்கிறாய் என்றும் நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேச முடியாது. வாயைத் திறக்கக் கூடாது என்று இன்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பாய், மேடையில பேசுறீங்களா, ஏலம் விடுறீங்களா?" என்று கேட்டார். காற்றாக வந்த குரலில், "கரடிக் கதை வாசிக்கிறேன்" என்றேன். அப்படியென்றால் காதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். நான் என்ன சொன்னேன் என்று அவர் நினைத்தாரோ தெரியாது. இந்தக் கதிக்குக் காரணம் நீ. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தேங்காய் வண்டிக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ போன் பண்ணியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணிக் கடைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணுகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். தம் உடைக்கிற நேரம், பிரியாணித் தேக்சா மூடிச் சத்தம், வாசலில் வரிசை கட்டி நிற்கிற கூட்டம், இதற்கு நடுவில் நீ என்னவோ சொல்கிறாய், பிள்ளைகள் என்கிறாய், புத்தகம் என்கிறாய், சாக்கு என்கிறாய். கடைசியில் தெளிவாகக் காதில் விழுந்தது ஒன்றுதான்: "கடையில போட்டுருங்கண்ணே." சரி என்றேன். உன் குரல் கம்மிப் போயிருந்தது, சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னேன். நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய். மறுநாள் ரெண்டு சாக்கு வந்து இறங்கியது. பரிமாறுகிற அல் அமீன் அரிசி என்று நினைத்துத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவிழ்த்துப் பார்த்தால் பூராவும் சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகம். முப்பது வருசம் டீச்சராக இருந்தவள் புத்தகத்தை உருளைக்கிழங்கு மாதிரிச் சாக்கில் திணித்துச் சணலால் கட்டியா அனுப்புவாள்? இருந்தாலும் தங்கச்சி வாய்விட்டுக் கேட்டுவிட்டது. கடையில் போடச் சொன்னாய், போட்டேன். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சோடாப் பெட்டிகள் இருந்த அலமாரியைக் காலி பண்ணி, துடைத்து, படம் தெரிகிற மாதிரி வரிசையாக நிறுத்தினேன். அன்று பிடித்தது சனி.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. வரிசையில் நிற்கிற பிள்ளைகள் அழுவது நின்றது, அடுக்கி வைத்த இலையை இழுப்பது நின்றது. நல்லதாப் போச்சு என்று உனக்கு மனசுக்குள் ஒரு சலாம் வைத்தேன். அடுத்த வாரம்தான் விளங்கியது. பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள், பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. "இன்னும் ரெண்டு பக்கந்தாம்ப்பா!" அப்பன்காரன் எச்சில் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் பசியோடு நிற்கிறவர்கள் என்னமோ நான்தான் அவர்கள் சோற்றைத் தின்ற மாதிரி என்னை முறைக்கிறார்கள். ரஃபீக் வந்து குதித்தான். "அத்தா, இது கடையா, பள்ளிக்கூடமா? ஒரு டேபிள் காலியாக மாட்டேங்குது. அந்த எடத்துல ஐஸ்கிரீம் பிரீசர் வைக்கப்போறேன். கம்பெனிக்காரன் ரெண்டு வாரங்கழிச்சு வெள்ளிக்கெழம கொண்டாந்து எறக்குறான். அதுக்குள்ள மாமி புக்கையெல்லாம் எடுத்துருங்க, ஆமா." நான் உன் பக்கம்தான் பேசினேன். பேசாமல் இருந்திருக்கலாம்.

அதோடாவது விட்டதா? எதிர்வரிசைப் பூட்டுக்கடைக்காரர் மகள் இசைவாணி என்று ஒரு வாண்டு. எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் வாய் காது வரைக்கும் இருக்கிறது. அது ஒருநாள் கல்லாவுக்கு வந்து என் கைலியைப் பிடித்து இழுத்து, "பாய் தாத்தா, இந்தக் கரடி என்ன சொல்லுது?" என்றது. ஒரு வரி படித்துக் காட்டி அனுப்பிவிடலாம் என்று கண்ணாடியை மாட்டினேன். அழைப்பே இல்லாமல் ஒரு கரடி கல்யாண வீட்டுக்குப் போகிறது. பெண் வீட்டார் அதை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைக்கிறார்கள். நம் சொந்தத்தில் நடக்காததா? எனக்கே சுவாரசியம் தட்டிவிட்டது. நம் கடையில் ஆர்டரை எழுதுகிற பழக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். கல்லாவிலிருந்து நான் குரல் கொடுப்பேன், உள்ளே மாஸ்டர் கருப்பணன் காதில் வாங்கித் தட்டுப் போடுவார். என் வாயிலிருந்து எது வந்தாலும் அவருக்கு ஆர்டர்தான். கதை வாசிக்க எனக்கென்று தனிக் குரலா இருக்கிறது? கரடி பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கு ஏழு தட்டு!" என்றது. படித்தேன். உள்ளே ஏழு தட்டு விழுந்தது. அல் அமீன் கை நிறைய அடுக்கிக்கொண்டு வந்து நடுக்கடையில் நின்று, "மொதலாளி, ஏழு மட்டன் யாருக்கு?" என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், "கரடிக்கு!" கருப்பணன் கரண்டியோடு தலையை நீட்டி, "ஏலே, பார்சலா, இங்கயே சாப்டுதா?" என்று கேட்கிறார்.

அன்றிலிருந்து தினமும் கூட்டம். கதையையும் விட முடியாது, வியாபாரத்தையும் விட முடியாது. முயல் குகைக்குள் மெல்ல எட்டிப் பார்த்தது, நாலாம் டேபிளுக்குத் தால்சா, உள்ளே இரண்டு கண்கள் மின்னின, குஸ்கா ஒண்ணு பார்சல். இப்படியே வாசித்தால் எந்தப் பிள்ளைக்கு எது கதை என்று தெரியும்? இசைவாணியின் அம்மா வந்து நின்றாள். "பாய், எம்மக பள்ளிக்கூடத்துல கத சொல்லிருக்கா. முயல் கதையில தால்சா வராதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. பாய் தாத்தா வாசிச்சாரு, வரும்னு இவ மல்லுக்கு நிக்கிறா. செத்த வந்து சொல்லிட்டுப் போங்க." நான் எங்கே போவேன் நர்கீஸ்? முயலுக்குச் சாட்சி சொல்லவா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. கரடிப் புத்தகம் கைமாறிக் கைமாறி அதன் கடைசித் தாள் கழன்று கல்லா மேசையில் கிடந்திருக்கிறது. பார்சல் கட்டுகிற அவசரத்தில் அல் அமீன் அதையும் பேப்பரோடு சேர்த்து மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலம் வாசிக்கிறேன், பெண்ணின் தாய்மாமன் கரடியைப் பார்த்து, "நீங்க எந்த வீட்டு ஆளு?" என்று கேட்கிறார், பக்கத்தைத் திருப்பினால் அட்டை. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வேறு வழியில்லாமல் கரடி ஓடிப்போய்விட்டது என்றேன். ஒன்று அழ ஆரம்பித்துவிட்டது. மறுநாள் கரடியை அதே கல்யாணத்தில் சோறாக்குகிற பண்டாரியாக்கினேன். அதற்கடுத்த நாள் ஹஜ்ஜுக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். இசைவாணி இடுப்பில் கை வைத்து, "நேத்து வேற சொன்னீங்க. பொய் சொல்றீங்க பாய் தாத்தா" என்றாள். ஐவேளை தொழுகிறவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? சரியாகத்தான் சொல்கிறாள், அதனால்தான் இம்புட்டுக் கோபம் வருகிறது. கரடி என்ன பதில் சொல்லியிருக்கும் என்று படுத்தால் எனக்கே தூக்கம் வரவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடை நிறைந்த கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வரிசையை விலக்கிக்கொண்டு நேராகக் கல்லாவுக்கு வந்தார். "ஏனுங்க பாய், நமக்குத் தொப்பம்பட்டிங்க. போன வாரம் பார்சல் வாங்கிட்டுப் போனனுங்க. உள்ள இந்தத் தாள் இருந்துச்சுங்க. எங்க பையன் படிச்சுப்போட்டு, கரடி எதுக்குக் கல்யாணத்துக்குப் போச்சுன்னு கேட்டு உசுர எடுக்கறானுங்க. மொதல்ல இருந்து கதயச் சொன்னீங்கன்னா கேட்டுக்கிட்டுப் போயர்றனுங்க." பிரியாணி எத்தனை என்று கேட்டேன். "பிரியாணி கெடக்கட்டுங்க. கதைங்க" என்றார். தாளை நீட்டினார். எண்ணெய் ஊறி மினுங்கிக்கொண்டிருந்தது, எழுத்து அழியவில்லை.

பிள்ளைகள் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தன. கூடவே பெற்றவர்களும் நின்றுவிட்டார்கள். முதல் வரியிலிருந்து வாசித்தேன். தாய்மாமன் வந்தார். "நீங்க எந்த வீட்டு ஆளு?" என்று கேட்டார். நான் கடைசித் தாளைக் கையில் எடுத்து வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கனைத்தேன், தண்ணீர் குடித்தேன், ம்ஹூம். கடையே என் வாயைப் பார்க்கிறது. பிரீசர் வைக்க அலமாரிப் பக்கம் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்த ரஃபீக், "கொண்டாங்கத்தா" என்று தாளைப் பிடுங்கி, பில் வாசிக்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தான். "அப்டி இல்ல, கரடி கொரல்ல!" என்று பிள்ளைகள் கத்தின. அவன் என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். டேப்பைக் கீழே வைத்தான். வயிற்றிலிருந்து ஒரு உறுமல் எடுத்தான் பார், மூன்றாம் டேபிளில் ஒரு அம்மா தண்ணீரைக் கொட்டிவிட்டது. "நான் பசி வீட்டு ஆளு" என்றது கரடி. தாய்மாமன் சிரித்துவிட்டு, "அப்ப நீயும் நமக்குச் சொந்தந்தான், உக்காரு" என்று சொல்லி, அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் குரலை ரஃபீக் கொடுத்தான்: "ஏழு தட்டு!"

உள்ளே ஏழு தட்டு விழுந்தது. அப்பன் குரலுக்கும் மகன் குரலுக்கும் கருப்பணனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்தத் தடவை தட்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை, தொப்பம்பட்டிக்காரரும் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் தாளைப் புத்தகத்தில் செருகி, மகனுக்குக் காட்டிவிட்டு அடுத்த ஞாயிறு தருகிறேன் என்று புத்தகத்தையே கொண்டுபோய்விட்டார். ரஃபீக் பிரீசர் கம்பெனிக்குப் போன் போட்டு, இடமில்லை என்று சொல்லிவிட்டான். என்னைக் கேட்கவே இல்லை. ஆக, கடையில் என் கட்சியில் இப்போது ஆளே கிடையாது. இன்று நான் ஊமையாகக் கல்லாவில் உட்கார்ந்து விரலால் ஆர்டர் காட்டுகிறேன், பிள்ளைகள் அதையும் கதை என்று நினைத்து எதிரே உட்கார்ந்து பார்க்கின்றன. இதையெல்லாம் யோசித்துத்தான் நீ என் கடையில் போடச் சொன்னாயா? ஆகவே, நீ வெள்ளிக்கிழமைக்குள் அந்த ரெண்டு சாக்கோடு வந்து, உன் புத்தகங்களைப் பொறுக்கிக் கட்டி எடுத்துப் போகவும். இது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு.

உன் வீட்டாருக்கு எங்கள் சலாம். உன் வாழ்வில் பரக்கத் பெருகவும், உன் சளி குணமாகவும், என் தொண்டை திறக்கவும் துஆ செய்கிறேன். நீயும் செய்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
முகமது பாரூக்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் மதினி சர்புன்னிசா கடிதத்தை வாங்கிப் படித்தாள். வீட்டில் நான் கடைப் பேச்சு எடுப்பதில்லை, அதனால் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அட மனுசா, அவ நம்ம கடையிலயா போடச் சொன்னா? பழைய பேப்பர் கடையில போடச் சொன்னா! ரிட்டையர் ஆனதுலருந்து முன்ரூம்ல புக்க அடுக்கி வச்சுட்டு, சாயங்காலமானா கதவத் தொறந்து போட்டு உக்காந்திருந்தாளாம். ஒரு புள்ள எட்டிப் பாக்கல. இனி யாரு மதினி படிக்கப்போறா, உள்ளூருல எடைக்குப் போட மனசு வரல, டவுன்ல அண்ணனப் போட்டுரச் சொல்லுங்கன்னு அம்புட்டு அழுக அழுதா. நீங்க போட்டுட்டீங்கன்னு நெனச்சு, போட்டாச்சுன்னு நானும் சொல்லித் தொலச்சுட்டேனே!"

எடைக்கா நர்கீஸ்? அன்றைக்கு உனக்குச் சளி இல்லை. நான் மிளகு ரசம் வேறு சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தொண்டை வலி என்று உன் மதினிக்குச் சைகை காட்டிவிட்டேன். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. சாக்குக் கொண்டுவராதே, நீ மட்டும் வா. ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து வா. உன் புத்தகத்தை எடைக்குத்தான் போடுவேன் என்று நின்றால் தாராளமாக எடுத்துக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அலமாரியில் இப்போது ஒன்றுகூட இல்லை, எல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பார். கொடுத்தால் வாங்கிக்கொள்.