முன்னால் நான்கு, பின்னால் இரண்டு

கீரமங்கலம்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி எழிலரசனுக்கு அக்கா சொர்ணம் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ விட்டுப்போன ஜீப்பும் சுகம் என்று இன்றுதான் எழுத முடிகிறது.

தார் ரோட்டில் திருப்பும்போதெல்லாம் வண்டி துள்ளுகிறது என்றேன் அல்லவா? நீ போனில், "கறம்பக்குடி மெக்கானிக் ராக்கன் பின்னாடி டிப்ரன்சியல் மாத்துனப்ப பல்லுக் கணக்கு வேற ரேஷியோவா மாட்டிட்டாரோ என்னமோ. சக்கரம் ஒரு சுத்து சுத்துனா அடியில நீளமா ஓடுற ஷாப்டு எத்தனை சுத்து வருதுன்னு முன்னயும் பின்னயும் எண்ணிப் பாருக்கா. ரெண்டும் ஒண்ணா இல்லேன்னா வண்டிய எடுக்காத, கியர்பாக்ஸ் நொறுங்கிரும்" என்றாய். மல்லிகை மூட்டை மார்க்கெட்டுக்குப் போகிற நாள் என்பதால் உடனே எண்ணிவிடுவது என்று இறங்கினோம். உன் மருமகள் ரம்யா கியர்க் கம்பிகளை நியூட்ரலில் தள்ளினாள். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு சக்கரத்தை உன் மச்சானும் மற்றதை ரம்யாவும் சேர்ந்தாற்போல் சுற்ற, நான் அடியில் படுத்து, ஷாப்டில் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பார்த்து எண்ணினேன். நான்கு. அதற்குள் அவளுக்குக் காலேஜ் பஸ் வந்துவிட்டது. பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்து மச்சான் தனியாளாகச் சுற்றினார். இரண்டு! "பாதி டிப்ரன்சியலத்தான் மாட்டிருக்கான்!" என்று அவர் குதிக்க, சேலையில் ஒட்டிய கிரீஸைக்கூடத் துடைக்காமல் நானும் அவருமாகப் பஸ் ஏறிப் போய், ராக்கனைப் பட்டறை வாசலிலேயே பிடித்துக்கொண்டோம். "நான் மாட்டுனது சரிதாங்க, சந்தேகம்னா வண்டியக் கொண்டாங்க" என்றார் அவர். "கொண்டாந்தா நொறுங்கிருமே, நல்ல ஆளுய்யா நீ!" என்று மச்சான் தெருவே கூடும்படி சத்தம் போட்டார்.

சாயங்காலம் ரம்யா வந்து கதையைக் கேட்டுவிட்டு, "அது சரிம்மா, என் பக்கத்துச் சக்கரத்த யாரு சுத்துனா?" என்றாள்.

"அது சும்மா தரையிலதானே நின்னுச்சு."

"ஒண்ணு நின்னா கணக்குல பாதிதாம்மா வரும்! ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தத்தானே டிப்ரன்சியலே இருக்கு!"

இரண்டு பக்கமும் தூக்கிச் சுற்றினோம். நான்கேதான். கூச்சத்தோடு ராக்கனுக்குப் போன் போட்டேன். "பரவால்லங்க, அண்ணன் போட்ட சத்தத்துல பட்டறை எங்க இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்தார். இன்று காலை நல்ல மழை. மற்ற வண்டிகள் கொல்லைச் சேற்றில் நிற்க, நம் ஜீப் மூட்டையோடு ஏறி வந்தது. ராஜா மாதிரி வந்துச்சுடா தம்பி! மனசு நிறைஞ்சு போச்சு.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருப்பே.

உன் அக்கா,
சொர்ணம்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது மச்சான் வந்து, வண்டி ரோட்டில் பழையபடி துள்ளுகிறது என்கிறார். "சேறு தாண்டுனதும் ஃபோர் வீல் கம்பிய மாத்துனீங்களா?" என்றேன். "எது, நான் சாப்பாட்டுப் பை மாட்டுற கம்பியா?" என்கிறார். நீ விட்டுப்போன நாளிலிருந்து அது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர் வீலிலேயே இருந்திருக்கிறது. எண்ணி முடித்ததும் ரம்யாவும் அதை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்திருக்கிறாள். தார் ரோட்டில் அப்படி ஓட்டக்கூடாது, திருப்பும்போது துள்ளும் என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, பை மறைத்துக்கொண்டிருந்தது. ராக்கனுக்கு மட்டும் சொல்லிவிடாதே.