கரை போட்ட பஸ்கள்

போன வெள்ளிக்கிழமை காலையில பல் தேய்ச்சுகினே ஒரு முடிவு எடுத்தேன். இனிமே இந்த வீட்ல நான் சொல்றதுதான் சட்டம். வாய் கொப்புளிக்கறதுக்குள்ள முடிவு பாதி போயிடுச்சு. மீதிப் பாதியை வச்சுகினு இட்லி சாப்பிட உக்காந்தேன்.

என்னைப் பத்திச் சொல்லிடறேன். பேரு மாணிக்கவேல். ஆரணியில பட்டுச் சேலைக் கடை. அது பொழப்பு. அந்தஸ்து வேற. ‘ஆரணி பஸ் சிங்கங்கள்’ குரூப்புக்கு நான் அட்மின்! கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டுற கேம். ஊரெல்லாம் துப்பாக்கி கேம் ஆடும். நாங்க அதைத் தொட மாட்டோம். ஆரணி பஸ் ஸ்டாண்டுல எடுத்து, சேத்துப்பட்டு வழியா செஞ்சியில கொண்டுபோய் நிறுத்தணும். அவ்ளோதான். சேத்துப்பட்டு ஜெயச்சந்திரன் அந்த ரோட்டைக் குழி குழியா எண்ணி கேம்ல போட்டிருக்காரு. நிஜ ரோட்டுல குழியை மூடினாலும் மனுசன் கேம்ல மூட மாட்டாரு.

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எல்லா பஸ்ஸும் வரிசையாப் போவும். முப்பத்திநாலு சிங்கம், முப்பத்திநாலு பஸ். ஒவ்வொரு பஸ்ஸுக்கு மேலயும் ஓட்டுறவர் பேரு மிதக்கும். முதல் பஸ் மேல ‘அட்மின் மாணிக்கவேல்’.

ஒரு ரகசியம், வெளியில சொல்லிடாதீங்க. அதை ஓட்டுறது நான் இல்ல. என் வீட்டுக்காரி சரண்யா. நான் ஓட்டினா சேத்துப்பட்டு திருப்பத்துல நேரா டீக்கடைக்குள்ள பூந்துடுவேன். சரண்யா ஓட்டினா உள்ள டம்ளர்ல தண்ணி வச்சாலும் சிந்தாது. அவ தறிக்கு கம்ப்யூட்டர்ல சேலை டிசைன் போடுறவ. பஸ்ஸுக்கு பெயின்ட் டிசைனும் அவதான் போடுவா. பாராட்டை மட்டும் நான் வாங்கிப்பேன். குடும்பம்னா வேலையைப் பங்கு போட்டுக்கணும் இல்லையா?

அன்னிக்கு இட்லியோட குண்டும் வந்து விழுந்துது.

“இன்னாங்க, இந்த ஞாயித்துக்கிழமை முதல் பஸ் மேல என் பேரு வரணும்.”

“உன் பேரா? எதுக்கு?”

“ஓட்டுறது நான். அதுக்கு.”

“அது சிங்கங்கள் குரூப்பும்மா. பொம்பளைங்களே கிடையாது.”

“ரெண்டு வருசமா முதல் பஸ்ஸை சிங்கமா ஓட்டிச்சு?”

“சரண்யா, அவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“பண்ணட்டும். கிண்டல் பண்ணிகினே எனக்குப் பின்னாலதான வரணும்?”

பாருங்க இந்த வாயை! கிண்டல் அவளுக்கு வராது, எனக்கு வரும். ‘பொண்டாட்டி ஓட்ட, பேரு அட்மினுக்கு’ன்னு ஜென்மத்துக்கும் ஓட்டுவானுங்க. ஒரு திட்டம் போட்டேன். சாதாரண திட்டம் இல்ல, ஜனநாயகத் திட்டம்.

“நான் யாரு முடிவு பண்ண? குரூப்புல ஓட்டு வைக்கிறேன். பொம்பளைங்களைச் சேக்கலாமா வேணாமான்னு சிங்கங்களே சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ரிசல்ட்டு.”

“தோத்துட்டா?”

“நீ கேக்கவே கூடாது.”

“நீங்க தோத்துட்டா?”

சிரிச்சேன். முப்பத்திநாலு ஆம்பளைங்க. நான் எப்படித் தோப்பேன்? “நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்” னு பெருந்தன்மையாச் சொன்னேன்.

“சரி”ன்னுட்டு சட்னி ஊத்தினா. கல்யாணம் ஆகி பதினோரு வருசத்துல அவ இவ்ளோ ஜல்தியா ‘சரி’ சொன்னதே இல்ல. அங்கயே நான் உஷாராயிருக்கணும்.

சனிக்கிழமை பூரா என் போனை வாங்கி வச்சுகினு குரூப்புல வந்த பஸ் படத்தையெல்லாம் பெருசு பண்ணிப் பாத்துகினு இருந்தா.

“இன்னா பாக்குற?”

“பஸ்ஸு.”

“நல்லாப் பாரு. நாளைக்கு அப்புறம் பாக்கறதோட சரி” ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டேன். மனசுல அவ்ளோ குஷி. ராத்திரி போன் என் கைக்குத் திரும்பினதும் சந்தவாசல் பொன்னுசாமி அண்ணனுக்குத் தனியா மெசேஜ் போட்டேன். குரூப்புலயே எனக்கு நெருக்கம் அவருதான். ரெண்டு வருசமா வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் அவருகிட்டதான் கொட்டுவேன். ‘அண்ணே, என் வீட்டுக்காரி தொல்லை தாங்கல, நீங்கதான் ஓட்டு போட்டு என்னைக் காப்பாத்தணும்’ னு எழுதினேன். ‘கண்டிப்பா போடுறேன் தம்பி’ ன்னு பதில் வந்துது.

ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு ஓட்டை ஆரம்பிச்சேன். முதல் ஓட்டு என்னுது, ‘வேணாம்’. ரெண்டாவதும் ‘வேணாம்’. கால் மேல கால் போட்டேன். அப்புறம் ‘சேக்கலாம்’ னு ஒண்ணு விழுந்துது. தெள்ளார் ஜெயவேல்! கை தவறிப் பட்டிருக்கும்னு நெனைச்சேன். உடனே அஞ்சு கை தவறுச்சு. அப்புறம் பத்து. மூணு மணிக்கு சேக்கலாம் இருபத்தியாறு, வேணாம் எட்டு.

நம்பவே முடியல. அந்த இருபத்தியாறுல பொன்னுசாமி அண்ணனும் இருந்தாரு! அதைவிடப் பேஜார், குரூப்புல பேருங்க மாற ஆரம்பிச்சுது. ஜெயவேல் இருந்த எடத்துல ‘சாவித்திரி, தெள்ளார்’. பொன்னுசாமி இருந்த எடத்துல ‘ராஜம்மாள், சந்தவாசல்’. வரிசையா இருபத்தியொரு சிங்கத்துக்குப் பேரு மாறிச்சு.

பொன்னுசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா குரல். “சொல்லுங்க தம்பி.”

“பொன்னுசாமி அண்ணன் இல்லைங்களா?”

“அவரு கழனிக்குப் போயிருக்காரு. அவருக்கு இந்த கேமெல்லாம் தெரியாது. ரெண்டு வருசமா நான்தான் ஓட்டறன்.”

“அப்ப நான் அனுப்பின மெசேஜெல்லாம்…”

“எல்லாம் படிச்சன் தம்பி. அப்பவே சொன்னன் இல்ல, அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்கன்னு?”

போனை வச்சுட்டேன். சரண்யா எதிர்ல நின்னுகினு இருந்தா.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்க பட்டுக்கடைதான வச்சிருக்கீங்க?”

“அதுக்கின்னா?”

“இந்தப் பஸ்ஸைப் பாருங்க.” ஜெயவேல் பஸ் படத்தைக் காட்டினா. “பக்கவாட்டுல நீளமா இன்னா போவுது?”

“டிசைனு.”

“இன்னா டிசைனு?”

உத்துப் பாத்தேன். ருத்ராட்சக் கரை! சேலையில போடுற அதே கரை. பின்பக்கம் பூரா முந்தானை. நடுவுல சின்னச் சின்னப் பூவா புட்டா.

“இது சாவித்திரி அக்கா கல்யாணப் பட்டு. நான் போட்ட டிசைன், நம்ம கடையில எடுத்தது. எந்த ஆம்பளைக்குப் பொண்டாட்டி முகூர்த்தப் புடவைக் கரை ஞாபகம் இருக்குது? உங்களுக்கு என்னுது ஞாபகம் இருக்குதா?”

பச்சைன்னு சொல்லலாமா, அரக்குன்னு சொல்லலாமான்னு யோசிச்சேன்.

“ஆம்பளைங்க பஸ்ஸுல சிங்கம், அருவா, மீசை. இந்த இருபத்தியொரு பஸ்ஸுல ருத்ராட்சம், தாழம்பூ, கோபுரம், மயில். ஒவ்வொருத்தருக்கா நேத்து போன் பண்ணேன். ‘அக்கா, உங்க பஸ்ஸு தாழம்பூக் கரை நல்லா இருக்குது’ ன்னேன். அந்தப் பக்கம் அழுதே உட்டாங்க. ரெண்டு வருசத்துல ஒருத்தர்கூட அதைக் கவனிச்சுச் சொல்லலியாம்.”

தினம் ஐம்பது கரையை விரிச்சுக் காட்டுறவன் நான். ரெண்டு வருசமா இது கண்ணு முன்னால ஓடியிருக்குது. சேலையில இருந்தா தெரியும், பஸ்ஸுல இருந்தா எப்படிங்க தெரியும்?

“சரி, அவங்க எதுக்கு ஆம்பளைப் பேருல ஒளிஞ்சாங்க?”

“பொம்பளைப் பேரு வச்சா ‘சாப்டியா’ ன்னு முப்பது பேரு கேப்பானுங்க. வழி உட மாட்டானுங்க. முந்தினா திட்டுவானுங்க. அதனால வீட்டுக்காரர் பேரு, அண்ணன் பேரு. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நாங்க யாரும் எங்களைச் சேத்துக்கச் சொல்லிக் கேக்கல. ஏற்கனவே உள்ளதான் இருக்கறோம். இனிமே பேரு போட்டுகினு இருப்போம். புடிக்காதவங்க வேற ரூட்ல போவட்டும்.”

எனக்குக் கோவம்தான் வந்துது. அது யாரு மேலன்னு யோசிக்கறதுக்குள்ள மணி நாலு.

முதல் பஸ் கெளம்பிச்சு. மேல ‘சரண்யா, ஆரணி’. பின்னால கரை போட்ட பஸ்ஸுங்க ஜொலிச்சுகினு வந்துது. ‘வேணாம்’ போட்ட எட்டு பேர்ல ஒருத்தன் மைக்குல “பொம்பளைங்க ஓட்டினா பஸ் போய்ச் சேருமா?” ன்னான். சரண்யா ஒரே வார்த்தைதான் சொன்னா. “முந்திப் பாரு.” அவன் முந்தப் போய் ஜெயச்சந்திரன் குழியில எறங்கிட்டான். குரூப்பே கைதட்டிச்சு.

எனக்குத்தான் பஸ் இல்ல. என் பஸ்ஸும் டிசைனும் அவளுது. வெக்கத்தை உட்டு மைக்குல கேட்டேன். “அக்கா, எனக்கு ஏதாவது எடம் இருக்குதுங்களா?”

ராஜம்மாள் அக்கா தயங்கவே இல்ல. “இல்லாம இன்னா தம்பி? சரண்யா பஸ்ஸுல கண்டக்டரா ஏறிக்கங்க.”

உச்சி குளிர்ந்து போச்சு. எத்தனை பேரு முன்னால மரியாதை! சரண்யா நாற்காலிக்குப் பின்னால வெறைப்பா நின்னுகினு, “செஞ்சி, செஞ்சி, செஞ்சி!” ன்னு கூவினேன். வாயாலயே விசில் அடிச்சேன். திரும்பிப் பாத்து அவ சிரிச்சாக்கூட, பெருமையிலதான் சிரிக்கிறான்னு நெனைச்சேன்.

சேத்துப்பட்டு தாண்டினப்புறம்தான் அட்மினுக்கு உறைச்சுது, எங்க கேம்ல கண்டக்டரே கிடையாது.