படத்தில் உள்ளபடி

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். அகலநாட்டின் தலைநகரில், மணிக்கூண்டுத் திடலில் யாரும் இல்லை. கொடிக்கம்பத்தின் அடியில் செவலை நாய் ஒன்று சுருண்டு கிடந்தது. வடிவு அதை விரட்டிப் பார்த்தாள். அது ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று படத்தை எடுத்தாள்.

அகலநாடு பெயருக்கேற்ற நாடு. திடல்களும் தோப்புகளும் ஆற்றங்கரைகளும் நிறைந்தது. மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலில் மன்னர் ஒருவரே நிற்பார் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. அந்த மன்னரிடம் ஓர் அயல்நாட்டுப் பயணி, "உங்கள் மக்கள் எங்கே கூடுவார்கள்?" என்று கேட்டுவிட்டார். மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் செயலரைப் பார்த்தார். செயலர் சுவரைப் பார்த்தார். மறுவாரமே 'திடல்காட்டி' என்ற செயலிக்கு ஆணை பிறந்தது. பயணி கைபேசியைத் திறந்தால் போதும். நாலு பேர் கூடி உட்காரும் திறந்தவெளி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று படத்தோடு காட்டும்.

அதை உருவாக்கும் வேலை வடிவிடம் வந்தது. அவளுக்கு இதில் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. அவளுடைய ஊரான கீழ்மதகின் ஏரி மதகை அரசு பூட்டி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. திறக்கச் சொல்லி மனு கொடுக்க அகலநாட்டில் ஒரே வழிதான் உண்டு. ஆடி முதல் நாள் மன்னர் திறந்த வண்டியில் நகர்வலம் வருவார். திறந்தவெளியில் கூட்டமாக நின்று, கையை உயர்த்தி நீட்டும் மனுவை மட்டும் வாங்குவார். மனுதாரர் நடந்து வந்திருக்க வேண்டும். கால் தேயாதவனின் குறை பொய் என்பது சட்டம்.

வடிவின் அப்பா ஐயம்பெருமாள் ஊராரைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை வந்தார். மூன்று நாள் நடை. இரண்டு முறையும் ஒவ்வொரு இடமாக விரட்டப்பட்டு, நிற்க ஓர் இடம் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. இந்த ஆண்டும் மதகு திறக்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"இனிமே யாரையும் கேட்டு அலைய வேண்டாம்ப்பா. எங்க நிக்கலாம்னு அதுவே காட்டும்," என்றாள் வடிவு.

"அப்ப எம்மவ காட்டுற எடத்துல நிப்போம்," என்றார் அவர்.

வழிப்போக்கர் நலத்துறை அமைச்சர் தண்டபாணியார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆள் இருந்தால் நாடு சின்னதாகத் தெரியும்."

அதனால்தான் ஆறு பன்னிரண்டு.

செயலி வெளியான நான்காம் நாளே முதல் புகார் வந்தது. ஒரு பயணி பதினோரு மணிக்கு மணிக்கூண்டுத் திடலுக்குப் போயிருக்கிறார். அங்கே ஆட்கள் இருந்தார்களாம். சுண்டல் வண்டி இருந்ததாம். படத்தில் உள்ளபடி இல்லை என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்.

அமைச்சரவை கூடியது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் கூடியது.

"இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஒன்று பொய்," என்றார் தண்டபாணியார். "படத்தில் அரச முத்திரை இருக்கிறது. திடலில் இருக்கிறதா?"

"இல்லை ஐயா," என்றார் செயலர்.

"அப்படியானால் எது பொய்?"

"திடல்தான் ஐயா."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வடிவு எழுந்தாள். "ஐயா, ஆளுங்க இருக்கிற மாதிரி வேற படம் எடுத்துப் போட்டுடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"முத்திரை விழுந்த படத்தை மாற்றுவதா? அம்மா, நீங்கள் கெட்டிக்காரப் பெண். அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்."

முதல் ஆணை வந்தது. படத்தில் இல்லாதது திடலில் இருக்கக் கூடாது.

சுண்டல் விற்ற பரிபூரணத்தின் வண்டியை நான்கு காவலர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். வடிவைக் கண்டதும் அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"பதினெட்டு வருசமா இதே எடத்துல நிக்கிறேன். நீ விடியக்காலம் வந்து படம் புடிச்சிட்டுப் போயிட்டே. ஒரு பத்து மணிக்கு வந்திருந்தா நானும் அரசாங்கத்துல இருந்திருப்பேன்ல?"

அவள் சொன்னது விளையாட்டில்லை. இரண்டாம் ஆணை அப்படித்தான் வந்தது. படத்தில் இருப்பது திடலில் இருந்தே ஆக வேண்டும். செவலை நாயைத் தேடிப் பத்துப் பேர் போனார்கள். மீன் சந்தையில் பிடித்து வந்து கொடிக்கம்பத்தடியில் படுக்க வைத்தார்கள். 'திடல் காட்சி உதவியாளர், முதல் நிலை' என்று பதவி, இரண்டு வேளை கறிச்சோறு. எழுந்து நடந்தால் விளக்கம் கேட்டு அறிக்கை.

மூன்றாவது ஆணை நிழல் பற்றியது. படத்தில் மணிக்கூண்டின் நிழல் கொடிக்கம்பத்தைத் தொடுகிறது, நேரில் தொடவில்லை என்று ஒருவர் எழுதிவிட்டார். பொதுப்பணித் துறை மூன்று நாள் நிழலை நீட்டிப் பார்த்தது. முடியவில்லை. திடலைச் சுற்றி வேலி போட்டு, நிழல் சரியாக விழும் நேரத்தில் மட்டும் திறப்பது என்று முடிவாயிற்று. காலை ஆறு பன்னிரண்டு முதல் ஆறு பதினேழு வரை. அந்த ஐந்து நிமிடத்திலும் உள்ளே நுழைந்தவர் படத்தில் இல்லாதவர் என்பதால் வெளியேற்றப்படுவார். நாட்டின் மற்றத் திடல்களுக்கும் தோப்புகளுக்கும் இதே விதி.

"திறந்தவெளிய எல்லாம் பூட்டிட்டீங்களே ஐயா," என்றாள் வடிவு.

"பூட்டவில்லை. பாதுகாக்கிறோம். செயலியைப் பாருங்கள், திறந்தே இருக்கிறது."

செயலியில் திறந்தே இருந்தது.

ஆடி பிறக்க ஒரு நாள் இருந்தபோது ஐயம்பெருமாள் கைபேசியில் கூப்பிட்டார்.

"தாயி, நகரத்து எல்லைக்கு வந்தாச்சு. நாப்பது பேரு. மணிக்கூண்டுத் திடல்னு காட்டுது. காலியா கெடக்கு பாரு, நமக்காவே விட்டு வச்ச மாதிரி."

"அப்பா, அது வந்து..."

"நாய் ஒண்ணு படுத்திருக்கு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நமக்கு என்ன?"

பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள். ஆணைகளை எடுத்து முதலிலிருந்து படித்தாள். இரண்டாவது ஆணையில் நின்றாள். படத்தில் இருப்பது திடலில் இருந்தே ஆக வேண்டும். செயலியில் எந்தப் படத்தை ஏற்றினாலும் முத்திரை தானாக விழும். அப்படி அமைத்து வைத்தவளே அவள்தான்.

அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில ஆறு பன்னெண்டுக்கு வேலிக்கிட்ட நில்லுங்க. கதவு தொறந்ததும் எல்லாரும் உள்ள வந்துடணும்."

"வேலியா? படத்துல வேலி இல்லையே தாயி."

மறுநாள் காவலர் வீரபாகு கதவைத் திறந்தார். நாற்பது பேரும் திபுதிபுவென்று உள்ளே புகுந்தார்கள். வீரபாகு விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"யோவ், வெளிய வாங்கய்யா! படத்துல நீங்க இல்ல!"

"அப்பா, மனுவத் தூக்கிப் பிடிங்க!" என்று கத்தினாள் வடிவு.

ஐயம்பெருமாள் வலது கையை உயர்த்தினார். மற்றவர்கள் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்கள். விசில் சத்தத்தில் நாய் எழுந்து திடலின் மூலைக்குப் போய்விட்டது. வடிவு படத்தை எடுத்தாள். பழைய படம் இருந்த இடத்தில் ஏற்றினாள்.

"இப்பப் பாருங்கண்ணே."

வீரபாகு கைபேசியைப் பார்த்தார். திடலைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டார். முத்திரை இருந்தது. விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார்.

"மன்னிச்சுக்கங்க பெரியவரே. இருக்கீங்க."

பத்து மணிக்கு மன்னரின் வண்டி வந்தது. வேலிக்குள் ஆட்களைக் கண்டதும் நின்றது. தண்டபாணியாருக்கு வியர்த்தது. செயலர் கைபேசியை அவர் கையில் திணித்தார்.

"என்ன இது?" என்றார் மன்னர்.

"படத்தில் உள்ளபடி, மன்னா," என்றார் அமைச்சர். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மன்னர் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அழகாக இருக்கிறது. அந்தப் பெரியவர் கையைத் தூக்கி என்னை வாழ்த்துகிறார்."

"மனு சாமி," என்றார் ஐயம்பெருமாள். "கீழ்மதகு ஏரி மதகு. பூட்டி மூணு வருசமாச்சு."

மன்னர் வேலிக்கு மேலே கையை நீட்டினார். அவர் விரலுக்கும் காகிதத்துக்கும் ஒரு சாண் இருந்தது.

"வேண்டாம் மன்னா!" அமைச்சர் குறுக்கே பாய்ந்தார். "படத்தில் மனு அவர் கையில் இருக்கிறது. வாங்கிவிட்டால் திடல் பொய்யாகிவிடும்."

மன்னர் கையை இழுத்துக்கொண்டார். சட்டத்தை மதிப்பவர் அவர்.

"சரியாகச் சொன்னீர்," என்றார். வண்டி நகர்ந்தது.

நாற்பது பேரும் கிளம்பினார்கள். வீரபாகு கதவில் குறுக்கே நின்றார்.

"எங்க போறீங்க? படத்துல இருக்கீங்களே."

வடிவைத் தண்டிக்கவில்லை. சால்வை போர்த்தி விருது கொடுத்தார்கள். விருதோடு அவளுடைய கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டார்கள். படம் மன்னரின் தேர்தல் சுவரொட்டியில் ஏறியது. மன்னர் பத்து மணிக்குப் பார்த்து ரசித்துவிட்டதால் நிழலுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. பயணிகள் திரண்டு வந்து வேலியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இவ்வளவு கட்டுப்பாடான மக்களை எங்கும் கண்டதில்லை என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்.

புதிய படத்தில் நாய் ஒரு மூலையில்கூடத் தெரியவில்லை. அதைப் பணிநீக்கம் செய்தார்கள். அது வாலை ஆட்டிக்கொண்டே கதவு வழியாக வெளியே போனது. அதற்கு ஒதுக்கிய சோற்றை நாற்பது பேருக்கும் பகிர்ந்து கொடுக்க உத்தரவாயிற்று. அவர்கள் உட்காரலாமா என்பதை ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

பரிபூரணம் ஒருநாள் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

"நல்லவேளைடி அம்மா, அன்னிக்கு நீ பத்து மணிக்கு வரல," என்று வடிவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடிப் பதினெட்டன்று ஊரிலிருந்து சேதி வந்தது. ஏரி நிரம்பிவிட்டது. மதகு பூட்டியே கிடக்கிறது. விதை நெல்லோடு வீட்டுப் பெண்கள் கரையில் காத்திருக்கிறார்கள்.

வடிவு வேலியோரம் போய் நின்றாள். ஐயம்பெருமாளின் வலது கை உயர்ந்தே இருந்தது. மனுவின் எழுத்து வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. வீரபாகு சற்றுத் தள்ளி நின்று கைபேசியையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயம்பெருமாள் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"தாயி, நீதான படம் புடிச்சே. கைய எப்ப எறக்கலாம்?"