தக்காளிக் கொட்டகையில் வைத்த இட்லி மாவு

எழுதிப் பழக்கமில்லாத கை இது. தேயிலைக் கொழுந்து கிள்ளியே காய்ந்துபோனதால் பேனாவையும் கிள்ளுகிற மாதிரிதான் பிடிக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருக்கும். மறதியும் வந்துவிட்டதால் முன்னே நடந்தது பின்னே வரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பத்திரிகையில் சிரிப்பான அனுபவம் இருந்தால் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். என் குடும்பமே சிரித்த அனுபவம் ஒன்று இருக்கிறது. நான் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.

கேமரன் மலைக் குளிரில் இட்லி மாவு லேசில் பொங்காது. கீழே ஈப்போவில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் அதைக் கம்பளியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். விறகடுப்பு இருந்தவரை அடுப்படிச் சூடு உதவியது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அதுவும் இல்லை. வீட்டு மட்டுக்கு ஒரு சட்டி மாவு என்றால் இப்படிச் சமாளிக்கலாம். ஒரு வேன் நிறைய ஆட்களுக்கு என்ன செய்வது?

அந்த வேன் என் மகள் செல்வியை நிச்சயம் பண்ண வந்த வேன். மாப்பிள்ளை ஈப்போவில் இடைநிலைப் பள்ளியில் புவியியல் வாத்தியார். எங்கள் லயத்துக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வருவது சின்ன விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பசியாறிவிட்டுத் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய தங்கை இராஜம் ஈப்போவிலிருந்து போனிலேயே எல்லாம் நடத்தினாள்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் பேச வேணாம். நா வந்து பேசிக்கிறேன். பசியாறலுக்கு டவுன்ல மாமாக் சாப்பாட்டுக் கடையில சொல்லிருங்க. உங்களால ஆகாது."

பேச என்னால் ஆகாது என்பது உண்மை. நாலு பேர் முன்னால் நின்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இட்லி எனக்கு ஆகும். பெண்ணைப் பெற்றவள் என்று நான் அந்த ஆட்கள் முன்னால் காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். "இட்லி நாந்தான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டேன். (என் ஆயுசில் நான் அழுத்திச் சொன்ன வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.)

தோட்டத்து வேலையை விட்ட பிறகு கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், தக்காளிக் கொட்டகைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூரையும் சுவரும் பிளாஸ்டிக். வெளியே ஆட்கள் சுவெட்டர் போட்டுக்கொண்டு கையைத் தேய்ப்பார்கள், உள்ளே எங்களுக்கு முதுகில் வேர்வை ஓடும். அங்கே குனிந்து தக்காளிக்குக் கயிறு கட்டும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு சூட்டையும் தக்காளியே தின்ன வேண்டுமா? முதலில் ஒரு சின்னச் சட்டியில் மாவு கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் பூப்போலப் பொங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை காய்கறி லோரியில் மூன்று அண்டா மாவை ஏற்றிக்கொண்டு போனேன். டிரைவர் தம்பி "என்னக்கா, கல்யாணமே கோலா தெர்லாவுலயா?" என்று கேட்டான். மத்தியான லோரியில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்கு. நல்ல வெயில். வைத்துவிட்டு வெளியே முட்டைக்கோஸ் வெட்டப் போனேன். திரும்பி வந்தால் கொட்டகை பூட்டியிருந்தது. தவுக்கே சாவியோடு உரம் வாங்கக் கம்போங் ராஜா போய்விட்டார்.

இன்னொரு சாவி அவர் வீட்டில் உண்டு. வீடு கண்ணுக்கு எதிரேயே. போய்க் கதவைத் தட்டி, பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று தவுக்கே பெண்சாதியிடம் கேட்டால் போதும். நான் கேட்கவில்லை. கதவு வரைக்கும் போனேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. சாப்பிடுகிறார்களோ என்னவோ என்று திரும்பிவிட்டேன். மறுபடி போனேன். மறுபடி திரும்பினேன். மத்தியான லோரி போயே போய்விட்டது. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் என் மாவு என்ன ஆகிறது என்று மங்கலாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் வாழ்க்கை உள்ளே வேகிறது, தாய்க்காரி வெளியே வெட்கப்படுகிறாள்.

தவுக்கே சாயங்காலம்தான் வந்தார். கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் வந்துவிட்டார். அப்படி ஒரு வாடை. மூடிகள் தரையில் கிடந்தன. மாவு வழிந்து, நுரைத்து, தக்காளிப் பைகளுக்கு நடுவில் ஊர்ந்து போயிருந்தது.

"அம்மா, இது என்னா உரம்லா?" என்றார் தவுக்கே.

"சாப்பாடு" என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மிச்ச மாவோடு அண்டாக்களையும் ஏற்றி, தன் லோரியிலேயே என்னை வீட்டில் இறக்கிவிட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டினார்.

வீட்டில் இராஜம் வந்து உட்கார்ந்திருந்தாள். அண்டாவைத் திறந்து முகர்ந்தாள். "அண்ணி, இது இட்லி மாவா, கள்ளா?"

"மா, இப்பக்கூட மாமாக் கடையில சொல்லலாம்மா" என்றாள் செல்வி. அழுகிற குரல்.

அப்போதாவது சரி என்றிருக்கலாம். புத்தி இருக்கிறவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். நான் பச்சரிசி மாவைக் கலந்து, சீனி போட்டு, சோடா மாவு போட்டு, காலையில் அதையே ஊற்றினேன். வெந்து வந்தவற்றை இட்லி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. தோசையாக மாறலாமா என்று யோசித்துப் பாதியில் விட்டுவிட்ட மாதிரி தட்டையாக இருந்தன.

சாம்பார் வைத்தது இராஜம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எங்கள் வீட்டு குக்கர் வேண்டாமாம், பெரிய பானையில்தான் ருசியாம். பானை கொதித்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஈப்போவுல இவ்ளோ நேரம் போதும் அண்ணி" என்று புளியைக் கரைத்து ஊற்றிவிட்டாள். மலையில் பருப்பு பேர்பாதி நேரம் கூடக் கேட்கும் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புளி விழுந்தால் பிறகு வேகவே வேகாது. எனக்கும் தெரியும். வாயில் வரவில்லை.

வேன் வந்தது. இலை போட்டோம். முதல் வாய் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒரு துண்டை இலை ஓரத்தில் துப்பினார். "நல்ல காரியத்துல புளிச்சதயா வைப்பாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், மெதுவாகக் கேட்கிற மாதிரி சத்தமாக. சம்பந்தியம்மா தட்டு வைத்திருந்த பக்கம் பார்த்தார். தட்டு மாறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செல்வி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாப்பிள்ளை கேட்டார்: "அத்தை, மாவ எங்க வெச்சிங்க?"

"தக்காளிக் கொட்டகையில."

அவர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. இலையிலிருந்து ஒரு இட்லியை எடுத்து நடுவில் வைத்தார். "பெரிம்மா, இதப் பாருங்க. இதான் பூமி." (பூமி உருண்டை என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.) பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து இட்லியை மூடினார். "வெயிலு உள்ள வருது. மண்ணு, பானை எல்லாம் அத வாங்கிக்குது. சூடான காத்து மேல போகப் பாக்குது. பிளாஸ்டிக் விடல. வர்ற சக்தி வந்துக்கிட்டே இருந்து, போறதுக்கு வழி கொறஞ்சா என்னாகும்? சூடு ஏறிக்கிட்டே போகும். பூமிக்கு மேல இருக்கற காத்தும் கொஞ்சம் இப்படித்தான், ஆனா அது வேற மாதிரி புடிச்சு வெக்கும். அத்தை ஒரு வருசப் பாடத்த ஒரே நாள்ல நடத்திட்டாங்க."

உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாமல் சூடாவது எனக்குத் தெரியாத விஷயமா.

பிறகு ஒரு பருப்பைக் கடித்தார். கடக்கென்று கேட்டது. "இதுவும் பாடந்தான். மேல வர வர காத்தோட அழுத்தம் கொறையும். தண்ணி கொதிக்கும், ஆனா கீழ அளவுக்குச் சூடு இருக்காது. பருப்பு ஏமாந்துரும். அத்தைக்கு இட்லியும் வரல, சாம்பாரும் வரல."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்துவிட்டார். இராஜம் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். "எங்க அண்ணி வெகுளிங்க, ஒண்ணுந் தெரியாது" என்றாள்.

பருப்பை வைத்தது நான் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தியம்மா முகம் இளகிக்கொண்டிருந்தது. அதைக் கெடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? சிரித்துக்கொண்டே தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு இட்லியை முழுசாகச் சாப்பிட்டார். கல்யாணம் நடந்தது. பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என்னை யாரும் அடுப்படிக்குள் விட்டதில்லை. ஈப்போவில் செல்வி மாவை மேசை மேலே வைத்துவிட்டுத் தூங்கப் போகிறாள், அது பாட்டுக்குப் பொங்குகிறது. அந்த ஊரில் கண்ணைக் கட்டிக்கொண்டு நான் இட்லி ஊற்றுவேன். "நீ ஒக்காரு மா" என்று நாற்காலியைப் போட்டுவிடுகிறாள். பேரப்பிள்ளைகள் என்னைத் தக்காளி அம்மாச்சி என்கிறார்கள். விசேஷ வீட்டில் புது ஆள் யாராவது வந்தால் இராஜம் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவாள். வருசத்துக்கு வருசம் அண்டா பெரிதாகிறது.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் மாப்பிள்ளை வீட்டு ஹாலிலிருந்தே கணினியில் பாடம் நடத்தினார். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். திரையில் ஒரு படம் வந்தது. பிளாஸ்டிக் கொட்டகை, சூரியன், உள்ளே வருவதும் போவதுமாக அம்புக்குறிகள், நடுவில் பானையோடு ஒரு கிழவி. அடுத்த படத்தில் மலை உச்சி, அதே கிழவி, அடுப்பில் பருப்பு. கணினிக்குள் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வருசமும் புதிதாகச் சேரும் முதல் படிவப் பிள்ளைகளுக்கு இதுதான் தொடக்கப் பாடமாம். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பிப் பெருமையாகக் கையைக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.

இட்லி என்னுடையது. அதில் எனக்கு வழக்கு இல்லை.

இதைப் போடுகிறவர்கள் தயவுசெய்து விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெயில், காற்று, அழுத்தம் பற்றி நான் எழுதியதில் தப்பு இருந்தால் மாப்பிள்ளை திருத்திக் கொடுப்பார். அந்த இரண்டாவது படத்தில் நிற்க வேண்டியது யார் என்பதை மட்டும் இராஜத்திடம் கேளுங்கள். தெரியாது என்பாள். இன்னொரு தடவை கேளுங்கள்.